அசல் சரக்கு

பினாங்குக்குப் போனவர் கடுதாசி போடமாட்டார்,
டப்பி போடுவார்.
ஆறு மாசத்துக்கொரு தகரப்பெட்டி
நாகப்பட்டணம் துறையில் வந்து இறங்கும்
பாத்துமுத்து என்று என் பேர் எழுதி.
உள்ளே நலமா என்று ஒரு வரி இராது.
ரோஜா வாசனை சோப்பு, கொண்டை ஊசி,
மூடியில் வெள்ளைக்காரச்சி சிரிக்கும் பீங்கான் டப்பி.
வித்துப் பிழைச்சுக்கோ என்று அர்த்தம்.

அதன் பேர் ஸ்நோ.
ஸ்நோ என்றால் பனி என்றார் சுங்கச்சாவடி ரைட்டர்.
மார்கழியில் வயல் முழுக்க
கேட்பாரற்றுக் கிடக்கிறது பனி.
டப்பியில் அடைத்தால் ஒண்ணே கால் ரூபாய்,
நடவுக்குப் போகிறவளுக்கு எட்டு நாள் கூலி.

பெரிய வீட்டுப் பெண்கள் கடைக்குப் போவதில்லை,
கடை அவர்களிடம் நடந்து வரும்.
நான்தான் அந்தக் கடை.
காலை ரயிலேறித் திருவாரூரில் இறங்கி
தலையில் பெட்டி, மேலே துப்பட்டி,
ஓடம்போக்கி தாண்டி நாலு கல் நடை.
குதிகாலில் வெடிப்பு,
ஓரணாக் காசைச் செருகி வைக்கலாம்.

கமலாலயத்து மேல்கரையில்
மாணிக்கத்தம்மாள் அத்தர் மூடியைத் திறந்து
ஒரு மூச்சு இழுப்பாள்.
"பாதி வெந்நீர், பாத்து" என்பாள்.
பாதி விலைதான் தருவாள். ஆனால்
உட்காரப் பாய் போடுவாள்.

ஒருநாள் ராத்திரி, என்ன தோன்றிற்றோ,
சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து
ஒரு டப்பியைத் திறந்தேன்.
நடுவில் விரலை விட்டு ஒரு கொத்து.
கண்ணாடியில் பார்த்தால்
சுண்ணாம்படித்த கத்தரிக்காய்.
நானே சிரித்துக் கழுவினேன்.
டப்பியில் குழி மட்டும் நின்றது.
தட்டியும் தடவியும் மூடவில்லை,
என் ஆள்காட்டி விரலின் அளவு.

அடுத்த நாள் திருக்கண்ணமங்கை.
வேதவல்லிக்குப் பத்தொன்பது வயசு,
ஆத்துக்காரர் தஞ்சாவூரில் வக்கீல் குமாஸ்தா,
சனிக்கிழமை சாயங்காலம் வருகிறவர்.
"அங்கேயே வச்சுட்டுத் தள்ளி நில்லு."
கொல்லைக் கிணற்றடிக் கல்லில் வைத்துவிட்டு
வாழைமரம் வரை பின்னால் போனேன்.
செம்பிலிருந்து டப்பிமேல் நாலு துளி தெளித்தாள்.
மூடி நனைந்தது. சிரிப்பவளும் நனைந்தாள்.
திறந்தாள்.
"இதென்ன, நடுவுலே குழி?"

என் வாய் எனக்கு முந்திக்கொண்டது:
"குழி இருந்தாத்தான் அம்மா அசல்.
பட்டணத்துலே சமமா வருது பாருங்க,
அதெல்லாம் போலி."

அவள் அந்தக் குழியிலேயே விரலை விட்டாள்.
என் விரல் போன இடத்துக்கு அவள் விரல் போனது,
சரியாகப் பொருந்தியது.
கன்னத்தில் வட்டமாய்த் தேய்த்தாள்.
காசை எண்ணிக் கல்லில் வைத்து
அவள் தள்ளிப்போனாள்,
நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை என்ன நடந்ததோ தெரியாது.
அடுத்த மாசம் அந்தத் தெருவில்
பதினோரு வீட்டுக் கொல்லைக்கதவு திறந்தது.
"குழி வச்சது இருக்கோ?"
கொண்டுபோனது முழுக்க முத்திரை உடையாத டப்பிகள்.
ஒருத்தி திறந்து பார்த்து, முகம் சுளித்து,
போலி என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி கதவைத் தாழ்போட்டுவிட்டு
வரிசையாய்ப் பதினொன்றையும் திறந்தேன்.
ஒரே ஆழம், ஒரே விரல்,
கூடக் குறைய இல்லாமல் கொத்தினேன்.
பதினோரு கொத்து பனி உள்ளங்கையில்.
முகத்துக்கு? வேண்டாம், பார்த்தாச்சு.
எறிய மனசில்லை, கொத்துக்கு ஓரணா பெறும்.
காலை நீட்டி உட்கார்ந்து
குதியில் வைத்துத் தேய்த்தேன்.
வெடிப்பு குடித்துக்கொண்டே இருந்தது.

மூணு பெட்டி வந்து தீர்ந்தன.
போன வெள்ளிக்கிழமை வாழைமரத்தடியில் நின்றேன்.
வேதவல்லி டப்பியைப் பார்க்கவில்லை,
தரையைப் பார்த்தாள்.
"உன் குதிகால் இப்படி வழவழன்னு இருக்கே,
என்னடீ போடறே?"

"நடை, அம்மா" என்றேன்.

"அது என்ன விலை?" என்றாள்.