காணிக் கிளை, புதன்கிழமை

வாழைச்சேனை தாண்டினால்தான் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கும்.
அதுவரை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

கதையில் எப்போதும் பனி.
எனக்குத் தெரிந்த பனி
வாளை மீனோடு பெட்டியில் வரும் ஐஸ்.
ஆனாலும் குளிர்ந்தது.

ஒஜிப்வேப் பெண்ணொருத்தி
பூர்ச்சம்பட்டைத் தோணியில் முழங்காலில் இருந்து
ஏரியில் தானாய் விளைந்த நெல்லைக்
கோலால் வளைத்துத் தட்டுகிறாள்.
பாதி தோணிக்குள். பாதி தண்ணிக்குள்.
விழுந்ததை அவள் பார்ப்பதுகூட இல்லை,
அது வாற வருசத்துக்காரருக்கு.

அவளுடைய மகனை விடுதிப் பள்ளிக்கு ஏற்றிப்போய்
தலைமயிரை வெட்டிய இடத்தில்
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: எங்கட கதை.
காடு மரம் மரமாய் ரயிலேறிய இடத்திலும்.
பெயரில்லாத புதைகுழிக்குப் பக்கத்திலும்.
தொண்ணூறில் போன என் அண்ணனுக்கு
அந்த ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

வாகரையில் பத்து மணி.
கதிராமன் வந்திருந்தார், ஏழாவது தடவை,
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு.
வேண்டாம், போட்டுக்கொண்டு வாங்க என்று
நான் சொன்னதில்லை.

உறுதி இருக்கா?
'புளி இருக்கு. அப்பனைத் தாட்ட இடம் இருக்கு.
இப்ப நடுவால வனத்துறைக் கல்லும் இருக்கு.'

இனம்?
வேடர் என்றார்.
படிவத்தில் பெட்டி நாலு.
சிங்களவர், தமிழர், முஸ்லிம், ஏனையோர்.
பேசுவது தமிழ்தானே என்று
இரண்டாவதில் சரி போட்டேன்.
உண்மையைச் சொன்னால், போடும்போது
எனக்குப் பெரிய மனசு என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை வாங்க.
'மறுகா வாறன் மகள்.'

பின்னேர பஸ். பனிச்சங்கேணிப் பாலத்தில்
அடுத்த அத்தியாயம்.
காணிப் பதிவுகாரன் வருகிறான்.
கெட்டவன் என்றுதான் காத்திருந்தேன்.
பாவம், இருமல்காரன். கதிரை கொடுக்கிறான்.
அவள் பெயரை இரண்டு தரம் கேட்கிறான்,
வாய்க்குள் வராததால் மேரி என்று எழுதுகிறான்.
அடுத்த கிழமை வரச் சொல்கிறான்.

கைப்பையில் பென்சில் இருந்தது.
எழுத ஒன்றும் வரவில்லை.
பின்னுக்குப் புரட்டி
காடு ரயிலேறிய பக்கத்தில்
'எங்கட'வை மட்டும் அழித்தேன்.
'கதை' நிற்கிறது.
மற்ற இரண்டையும் தொடவில்லை.

மடியில் றப்பர் தூள்.
யன்னலுக்கு வெளியே வாவி,
யாரோ வலை இழுக்கிறார்கள்.
இன்றைக்குத் திங்கள்.