முப்பது மில்லி

மருந்துப் போத்தல் மூடியளவு தண்ணீர்.
கால் மணித்தியாலத்துக்கு ஒண்டு.
இருபத்தொரு வருசம் சந்தை சந்தையாய்ப் போய்த்
தராசுகளுக்கு முத்திரை குத்தின கை
இப்ப ஒரு பிளாஸ்ரிக் மூடியை வெளிச்சத்துக்கு உயர்த்தி
கோட்டுக்கு மேலயோ கீழயோ எண்டு பார்க்குது.

திருநெல்வேலிச் சந்தையில என்னைக் கண்டால்
வெங்காயக்காரர் தட்டுக்கு அடியில ஒட்டின புளியை
அவசரமாய் நகத்தால சுரண்டுவினம்.
நான் திரும்பினாப்பிறகு:
"ஊர்த் தராசெல்லாம் பாக்கிறா,
தன்ர நிறைக்கு எந்தத் தராசு தாங்குமாம்?"
கேட்டிருக்கிறன்.
கேட்காத மாதிரிப் படிவம் நிரப்பியிருக்கிறன்.

வயித்தில அஞ்சு ஓட்டை.
நோ அங்கதான் இருக்கும் எண்டு நினைச்சன்.
அது இடது தோள்மூட்டில ஏறிக் குந்தியிருக்கு.
காத்து எண்டார் டொக்டர்.
வெட்டேக்க உள்ள அடிச்ச காத்து
வெளிக்கிட வழி தெரியாமல் நிக்குதாம்.
நடவுங்கோ, போயிடும்.

நடக்கிறன்.
அறை, குசினி, கிணத்தடி, திரும்ப அறை.
தும்மல் வருகுதெண்டால்
ஓடிப்போய்த் தலையணையை வயித்தோட அணைச்சபடி
கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன்,
குண்டு விழப்போகுதெண்டு குப்புறப் படுத்த
பன்ரண்டு வயசுப் பிள்ளை மாதிரி.

நோவுக்கு ஒரு குளிசை நேரம் இருக்கு.
பயத்துக்கு இல்லை.

விடியப்புறம் ரெண்டு மணி.
கொக்குவில் கடவையில ரயிலே இல்லை,
மணி மட்டும் அடிக்குது. என்ர நெஞ்சு.
தையல் விட்டிட்டுதோ? உள்ளுக்குள்ள கசியுதோ?
விரலை மணிக்கட்டில வைச்சு எண்ணுறன்: தொண்ணூற்றாறு.
நூற்றி இருபது தாண்டினால் உடன எடுங்கோ எண்டவ
வாட்டு மிஸி பிரதாயினி.
தாண்டேல்லை. தாண்டினால்?
காய்ச்சல்மானி நாக்குக்குக் கீழ:
தொண்ணூற்றெட்டு தசம் நாலு.
இன்னொருக்கால். அதே தசம் நாலு.
கருவியைச் சந்தேகிக்கிறதுதானே என்ர உத்தியோகம்.
சேந்தனைத் தட்டி எழுப்பி அவற்ற வாயில வைக்கிறன்.
அவருக்கும் தொண்ணூற்றெட்டு தசம் நாலு.
"சீல் அடிச்சு விடுமன்" எண்டிட்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்.
சிரிச்சிட்டன். அஞ்சு ஓட்டையும் சேர்ந்து நொந்துது.

அயலுக்கு, பித்தப்பையில கல்லு எண்டு சொல்லியிருக்கு.
லீலாமணி அக்கா கேட்டா: "கல்லைக் காட்டினவையோ?"
புளியங்கொட்டையளவு எண்டன்.
பொய்யையும் அளந்துதான் சொல்லுறன்.
அவ தூக்குச்சட்டியில கொண்டுவந்த ஒடியல் கூழ்,
நண்டும் முருங்கையிலையும் புளியும் மணக்க மணக்க
மகன் கிண்ணம் கிண்ணமாய்க் குடிச்சான்.
நான் பக்கத்தில இருந்து பார்த்தன்.
பசிக்கேல்லை.
அதுதான் உண்மையில பயம்.
நாப்பது வருசமாய் என்னைக் காலமை எழுப்பி,
பின்னேரம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது பசி.
அழுதால் பக்கத்தில இருந்ததும் அதுதான்.
அது போன இடத்தில இப்ப ஆர் இருக்கினம்?

இண்டைக்குக் காலமை பாண் ஓட்டோ
அந்தப் பழைய கீச்சு மெட்டோட
எங்கட படலையடியில வழமைபோல நிண்டுது.
"அக்கா, மாலுபாண் நாலு எடுத்து வைச்சனான்."
வேண்டாம், தம்பி.
"சுகமில்லையோ?"
என்னெண்டு வந்துதோ தெரியேல்லை.
தாய்க்குச் சொல்லாதது, கந்தோருக்குச் சொல்லாதது,
பேர் தெரியாத அந்தப் பொடியனிட்ட சொன்னன்:
"நிறை குறைக்கிறதுக்கு
வயித்தை வெட்டிச் சின்னனாக்கிப் போட்டினம்."

அவன் பெட்டிக் கண்ணாடியை மெல்லச் சாத்தினான்.
மெட்டையும் நிப்பாட்டினான்.
"சரியாய் நோகுதோ அக்கா?"

ஒருத்தரும் கேட்கேல்லை, இவ்வளவு நாளும்.
கல்லைத்தான் கேட்டவை.
ஓம், எண்டன். சரியாய் நோகுது.

அவன் ஒழுங்கை திரும்புமட்டும் மெட்டுப் போடேல்லை.
நான் படலையைப் பிடிச்சபடி நிண்டன்.
தோளுக்குள்ள ஏதோ ஒண்டு இடம் மாறி இருந்தது,
போகேல்லை, மாறித்தான் இருந்தது.
உள்ள வந்து பார்த்தால்
தண்ணிக்குப் பத்து நிமிசம் பிந்திப்போச்சு.
மூடியை நிரப்பினன்.
கோட்டைப் பார்க்க மறந்துபோய்க்
குடிச்சன்.