இரண்டாம் வாசகம்

செப்டம்பர் கடைசி ஞாயிறு,
இரண்டாம் வாசகம் எனக்கு.
உபதேசியார் அனிசெட்டோ வெள்ளிக்கிழமையே தாளைத் தந்துவிட்டார்:
"கொஞ்சம் கனமான பகுதி, கொன்சோர்சியா,
ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்."

பார்க்கவில்லை.
வெள்ளிக்கிழமை சம்பள நாள்.
என் சம்பளமல்ல, நான் எழுதும் சம்பளம்.
மொந்தெலார்கா தோட்டத்தில் பதினேழு வருடமாய்க் கணக்குப்பிள்ளை.
தோட்டத்து உதவித்தொகையில்தான்
பகோலோதில் நர்சிங் படிக்கிறான் என் மகன்.

நீக்ரோஸ் தீவில் மே தொடங்கிச் செப்டம்பர் வரை
கரும்பு தன் பாட்டுக்கு வளரும்.
ஆலை மூடிக் கிடக்கும்.
செத்த காலம் என்பார்கள் இங்கே;
சாவது காலமல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.
வாரத்தில் இரண்டு நாள் களையெடுப்பு, உரம் போடுதல்.
மற்ற நாளெல்லாம் கோயில் வாசலில் இஞ்சிக் கஞ்சி.
சட்டி கொண்டுவர மறந்தவர்களுக்கு
ஹெல்மெட்டிலும் ஊற்றியிருக்கிறோம்.

பேரேட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி.
இலுமினாதோ சும்பாய் என்று ஒரு பெயர்தான் இருக்கும்.
அதற்குள்ளே அவன் மனைவி டொமிங்கா,
பதிமூன்று வயது ரெனாத்தோ,
பதினொரு வயது மெர்லி,
உரச்சாக்கைவிட ஒரு சாண் உயரமான இன்னொருத்தி.
வரவு நானூற்றுப் பன்னிரண்டு பெசோ.
பற்று: அரிசி, மண்ணெண்ணெய், போன மாதக் காய்ச்சல்.
மீதி, மைனஸ் முப்பத்தெட்டு.
மைனஸை எப்படி எண்ணிக் கொடுப்பது?
கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டேன்,
விரல் துடைக்கத் துணியும் கொடுத்தேன்.

எங்கள் கோயிலில் எல்லா மின்விசிறியிலும்
மொந்தெலார்கா குடும்பத்தின் காணிக்கை என்று எழுதியிருக்கும்.
மணியின் விளிம்பிலும் அதே பெயர் வார்த்திருக்கிறது.
பீடத்துக்கு இடப்பக்கம் புனித இசிதோர்:
அவர் முழங்காலில் செபித்திருக்க
வானதூதர் ஏர் பிடிக்கிறார்.
மெர்லி ஒருநாள் கேட்டாள்,
அந்தத் தூதருக்குக் கூலி எவ்வளவு என்று.
என் பேரேட்டில் இல்லை என்றேன்.
சிரித்தாள். நானும்.

மேடையேறிக் கண்ணாடி மாட்டினேன்,
பேரேட்டுக்கு மாட்டும் அதே கண்ணாடி.
பணக்காரர்களைக் கூப்பிட்டுத் தொடங்குகிறது.
முன்வரிசையில் டோன்யா எஸ்த்ரெல்லா
விசிறிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.
துணியில் பூச்சி, பொன்னில் துரு,
அதுவரை குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

அடுத்து, கூலி.
வயலில் பாடுபட்டவனுக்குக் கொடாமல் நிறுத்திய கூலி
தானே வாய் திறந்து கத்துகிறதாம்.
நிறுத்தியவனைப் பற்றி இருக்கிறது.
கூட்டிக் கழித்து அடிக்கோடு போட்டவளைப் பற்றி
ஒன்றும் காணோம்.
தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

கடைசி வரிசைக்கும் பின்னே, கதவோரம்,
சேற்றுச் செருப்போடு இலுமினாதோ நின்றான்.
என்னைப் பார்க்கவில்லை.
தோளில் தூங்கிப்போன சின்னவளின் வாய் எச்சிலைச்
சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

முடிவில் சொல்லவேண்டியது இரண்டே சொல்.
வரவில்லை.
மின்விசிறி சுற்றும் சத்தம்.
பாதர் லியோன்சியோ தலை தூக்கினார்.
யாரோ இருமினார்கள்.

ஆண்டவரின் அருள்வாக்கு, என்றேன்.
இறைவா உமக்கு நன்றி, என்றது கோயில்;
டோன்யாவின் குரல் எல்லோருக்கும் அரை நொடி முன்னால்.
மறையுரை குடும்ப செபத்தைப் பற்றி.

திங்கட்கிழமை பேரேட்டைத் திறந்து
இலுமினாதோவுக்குக் கீழே
டொமிங்கா என்று எழுதினேன். ரெனாத்தோ. மெர்லி.
சின்னவளின் பெயர் தெரியவில்லை.
இத்தனை வருடம் எழுதிவந்தும் தெரியவில்லை.
ஆளனுப்பிக் கேட்டேன்.
"எதற்காம், ஞானஸ்நானப் பாக்கிக்கா?"
என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லியனுப்பினாள் டொமிங்கா.

க்ளாரிபெல்.
பக்கத்தில் வயது ஆறு என்று போட்டேன்.

பென்சிலில்தான்.
வியாழன்தோறும் மேனேஜர் கையெழுத்துப் போட வருவார்.
ரப்பர் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது.