ஏழு தையல்

அரண்மனைக்கு வெளியே
கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே எங்களைப் பற்றித்தான் பேச்சு.
பேசத் தெரிந்தவர்கள் போயிருந்தார்கள்.
எனக்குத் தோலைப் பற்றி மட்டுமே பேசத் தெரியும்.

மக்காவிலிருந்து வந்த தூதர்கள்
பரிசுப் பொதிகளில் பாதியை நிழலில் இறக்கி வைத்திருந்தார்கள்.
காற்று ஒருமுறை திரும்பியது.
கருவேல நெற்றின் வாடை.
பார்க்காமலேயே தெரிந்துவிட்டது
எங்கள் தொட்டி.

பொதியின் ஓரம் அவிழ்ந்து கிடந்தது.
மேல்தோலின் கழுத்துப் பக்கம்
பிறைபோல ஒரு வெட்டு.
ஏழு தையல்.

வெட்டு என் கத்தி வழுக்கியது.
தையல் என் ஊசி.
அன்று எசமான் ஹுஜைர் கையில் எடுத்த வாரும்
நான் பதனிட்டதுதான்.
முதுகில் விழும்போதும் நினைத்தேன்,
நன்றாக வந்திருக்கிறது, பிசிறில்லை.

பத்து வயதில் விற்கப்பட்டவன்.
ஷுரைக் என்று யாரும் கூப்பிட்டதில்லை.
சந்தையில் நான் நடந்தால் தானே வழி பிறக்கும்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.
இறைவன் ஒருவனே என்ற சொல்
ஊரின் மற்றக் காதுகளுக்கெல்லாம் போய்விட்டுத்தான்
தொட்டி வரை இறங்கி வந்தது.

முதல் தொழுகை.
வரிசையின் கடைசியில் ஒரு முழம் தள்ளி நின்றேன்,
கைகளை அங்கிக்குள் ஒளித்து.
பக்கத்தில் பெரிய வீட்டுப் பிள்ளை,
அத்தர் மணக்க.
இடைவெளியைப் பார்த்தார்.
அவரே நகர்ந்து வந்தார்.
தோல் தொடுபவனின் தோளை
அதுவரை எவரும் தொட்டதில்லை.

பிறகு ஓர் இரவு, ஷுஐபா துறை.
ஆளுக்கு அரை தினார்.
எனக்காகக் கொடுத்தது யாரென்று
இன்றுவரை தெரியாது.
செங்கடல் முழுக்க வாந்தி.
கடலும் ஒரு தொட்டிதான் போலும்,
உப்பில் ஊறவைத்து
அக்கரையில் எடுத்துப் போடுகிறது.

உள்ளே மர்யமின் பெயர் கேட்டது.
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.
ஒரு கழுதை மட்டும் காதை உதறியது.

என்னைத் திரும்ப வாங்க
என் கையால் ஆன தோலையே கொண்டுவந்திருக்கிறார்கள்.
சிரிப்பு வந்தது. கூடவே
வெட்கம்கெட்ட ஓர் ஆசை:
அரசர் அதை ஒரு தரம் தடவிப் பார்க்கட்டுமே.
மழையில் நனைந்தாலும் விறைக்காது.

கதவு திறந்தது.
பரிசுகள் வேண்டாமாம்.

பொதி கட்ட வந்தவன் ஃபுரைஸ்.
என்னோடு ஒரே தொட்டியில் நின்றவன்,
முழங்கால் வரை இன்னும் கறை.
நாங்கள் பேசவில்லை.
இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுபோல்
கயிற்றின் மறுமுனையை என்னிடம் நீட்டினான்.
முடிச்சை நான்தான் போட்டேன்.
ஏழு தையலும் உள்ளே மறைந்தன.
தோல் ஊர் திரும்பியது.

மதீனாவுக்கென்று படகு புறப்பட்ட வருடம்
வலத்தாவுக்கு ஒன்பதாம் மாதம்.
அடுத்த படகில் என்றேன்.
அடுத்த படகு என்று ஒன்று இருக்கவில்லை.

இப்போது அக்சூமில், ஓடைக்கரையில்
எனக்கென்று மூன்று தொட்டி.
கோயிலின் கல்மணி ஒலித்தால்
வலத்தா நெற்றியில் சிலுவை இடுவாள்.
நான் ஒளூச் செய்யப் போவேன்,
கறை போகாத இந்தக் கைகளோடு.
கிப்லா மாறிவிட்டது என்று
ஒரு தேன் வியாபாரி வந்து சொன்னான்.
எந்தப் பக்கம் என்றேன்.
கையை நீட்டிக் காட்டினான்:
கொஞ்சம் வலப்பக்கம்.
அவ்வளவுதான். திரும்பி நின்றேன்.

தனியாகத்தான் தொழுகிறேன்.
ஆனாலும் நட்டநடுவில் விரிப்பதில்லை.
பக்கத்தில் ஒருவர் நிற்கும் அளவு விட்டு,
ஒரு முழம் தள்ளி,
ஓரமாக.