அரை லிட்டர்

புயல் எச்சரிக்கை, இரண்டாம் வகுப்பு.
போர்ட் லூயி துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
மயக்க மருந்து ஏற்றிய கப்பல்
ரெயூனியன் பக்கமாய் எங்கோ ஒதுங்கி நிற்கிறது.
அலமாரியில் மூன்று குப்பி.
சாவியைத் திருப்பிக்கொண்டே மிரேய்
"பார்த்துச் செலவழியுங்கள் டாக்டர்" என்கிறாள்,
மாதக் கடைசி அரிசிப்பானையைக் காட்டுவதுபோல.

மேசையில் சூப்பாயா சின்னாப்பென்.
வயது ஐம்பத்தெட்டு. கரும்பு லாரி.
மைட்ரல் வால்வு சுண்ணாம்பேறி இறுகிவிட்டது.
வாயைத் திறந்து லாரிங்கோஸ்கோப்பை நுழைக்கையில்
நாக்கின் நடுவே ஒரு வெள்ளைத் தழும்பு:
தைப்பூசத்து வேல் போய்வந்த வழி.
அன்றைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

முதல் பத்து நிமிடம் தாராளம்,
நிமிடத்துக்கு ஆறு லிட்டர்.
பிறகு குமிழைத் திருகித் திருகி
அரைக்கு இறக்குகிறேன்.
இனி அவர் விட்ட மூச்சையே அவர் வாங்குவார்.
வட்டக் குழாயில் அது சுற்றிப் போய்
சுண்ணாம்புக் குடுவைக்குள் நுழைந்து
கரியை அங்கே இறக்கி வைத்துவிட்டு
கொஞ்சம் சூடாக, கொஞ்சம் ஈரமாகத் திரும்பி வருகிறது.
வெள்ளைக் குருணைகள் அடியிலிருந்து ஊதாவாகின்றன.
உடல் தின்றது எவ்வளவோ
அவ்வளவே புதிதாய்ச் சேர்க்கிறேன்.
கஞ்சத்தனம் இல்லை இது, கணக்கு.
சரி, கஞ்சத்தனமும்தான்.

நெஞ்செலும்பை அறுத்தார்கள். ஹெப்பாரின். குழாய்கள்.
"முழு ஓட்டம்" என்றான் ழான்-நோயல்.
என் எந்திரத்தை நிறுத்தினேன்.
நுரையீரல் இரண்டும் பிழிந்த துணியாய்ச் சுருங்கிக் கிடக்க
இரத்தம் அவன் பெட்டிக்குள் போய்
ஆக்ஸிஜனையும் உறக்கத்தையும்
ஒரே வாசலில் வாங்கிக்கொள்கிறது.
அங்கேயும் ஒரு சிறு ஆவிக்கலன்.
அதன் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.

இதயம் நின்றபோதுதான்
காற்றுப்போக்கியில் புயல் ஊதுவது கேட்டது.
ஒருமுறை விளக்கு சிமிட்டியது.
யாரும் தலை நிமிரவில்லை.
ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

நேற்று மாலை வார்டில் சொன்னார்,
அவர் கிரியோலில், நான் பாதி புரிந்து:
க்யூர்பிப்பிலிருந்து இறங்குகையில்
எஞ்சினை அணைத்துவிடுவாராம்.
பன்னிரண்டு டன் கரும்பு
தன் பாரத்திலேயே ஓடும்.
கால் மட்டும் பிரேக்கில்.
"முதலாளிக்குத் தெரியாது. மிஞ்சிய டீசல் காசு எனக்கு."
சொல்லிவிட்டு என் அடையாள அட்டையைப் பார்த்தார்,
போட்டுக்கொடுக்கிறவளா என்று.

எண்பத்தோரு நிமிடம். புது வால்வு.
கிளாம்பை எடுத்ததும் இதயம்
புழுக்கூடையாய் நெளிந்தது.
ஒரு அதிர்ச்சி கொடுத்தார்கள்.
கொஞ்சம் யோசித்தது. பிறகு துடித்தது.
பையை என் கையால் அமுக்க அமுக்க
நுரையீரல் ஓரங்களில் ரோஜா நிறம் ஏறிற்று.
மறுபடி அரை லிட்டர். மறுபடி அந்த வட்டம்.

எலும்பைக் கம்பியால் கட்டத் தொடங்கியபோது
ஆவிக்கலனை மூடினேன்,
முழுதாக.
ராம்தோஹுல் நிமிர்ந்தார். "தூங்குகிறார்தானே?"
"இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறார்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் இல்லை.
சுற்றில் மிஞ்சிய உறக்கமே
கடைசித் தையல்வரை கொண்டுபோய்விடும்.

குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தேன்.
இரண்டு உடைக்காதது. மூன்றாவதில் முக்காலுக்கும் மேல்.
மிரேய் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள்.
கப்பலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.
நாளைப் பட்டியலில்
நான்கு கிலோ எடையில் ஒரு குழந்தை இருக்கிறது.