இருமுறை திருப்பியது

ஒருரோவில் இது மழைக்காலம்.
கடல்மட்டத்துக்கு மூவாயிரத்து எழுநூறு மீட்டர் மேலே
தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும்,
கை வைத்தால் அவ்வளவு சுடாது.
சனிக்கிழமை கார்னிவல்.
வியாழன் இரவு என் சமையலறை மேசையில்
கண் இல்லாத சாத்தான் ஒருவன்
கொம்பைச் சுவரில் சாய்த்துக் கிடக்கிறான்.

அவனுக்கு நான் கண் சிமிட்டக் கற்றுத்தர வேண்டும்.
ஒரு சிப், நாலு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர்,
ரூபாய் நோட்டில் பாதி அளவு செப்புப் பலகை.
அவ்வளவுதான் நரகம்.

முதல் பலகை, என் கட்டைவிரலால் கெட்டது.
எம்பனாடா தின்ற கை.
செப்பின் மேல் ரேகை பதிந்த இடத்தில் மட்டும்
டோனர் ஒட்டாமல் உரிந்து வந்தது;
திருடன் விட்டுப்போன தடயம் மாதிரி
சுழி சுழியாய்.

இரண்டாவதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்,
அசிட்டோனால் துடைத்தேன்,
மூச்சுக்கூடப் படாமல் பிடித்தேன்.
ஃபுளோரிந்தாவின் இஸ்திரிப்பெட்டியை
ஆசையாக அழுத்திவிட்டேன் போல.
பக்கத்துப் பக்கத்துக் கோடுகள்
பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துவிட்டன.
அது போகட்டும்.
பெட்டியின் அடியில் மிச்சமிருந்த டோனர்
வெள்ளிக் காலை அவள் ரவிக்கைக் காலரில் பதிந்தது.
வங்கியில் நாள் முழுக்க
தரை இணைப்பு ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
பணம் எண்ணியிருக்கிறாள் என் தங்கை.
இன்னும் பேசவில்லை.

மூன்றாவது.
சூப்பர்மார்க்கெட் விளம்பரத்தாள், வழவழப்பானது.
வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்க்கத் தேய்க்க
தள்ளுபடி கரைந்தது,
ஃபிரிட்ஜ் கரைந்தது,
பற்பசைக்காரியின் பற்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
அடியில் என் கோடுகள், கறுப்பாக, முழுசாக.

ஃபெர்ரிக் குளோரைடு இந்தக் குளிரில் சோம்பேறி.
இருபது நிமிடமாய்ச் சும்மா கிடந்தது.
வெந்நீர்ச் சட்டிக்குள் தட்டை இறக்கி
தொட்டில்போல் ஆட்டினேன்.
ஓரத்திலிருந்து செப்பு விலகத் தொடங்கியது.
இப்போதுதான் கவனம் வேண்டும்:
ஒரு நிமிடம் முந்தினால் மேகத்திட்டு மிஞ்சும்,
இரண்டு நிமிடம் பிந்தினால் கோட்டின் அடிவயிற்றை அரிக்கும்.
எடுத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
மயிரிழை விரிசல் ஒன்று.
மீட்டர் முள்ளை இரு பக்கமும் வைத்தால்
மௌனம்.
ஈயம் ஒரு சொட்டு விட்டதும் கீச்சென்றது.

அந்தக் கீச்சுக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

துளை போட்டு முடித்து
(ஊசி இரண்டு ஒடிந்தது, எழுதுவதற்கில்லை)
சிப்பை நுழைக்கும்போதுதான் தெரிந்தது.
மென்பொருள் ஒருமுறை திருப்பியிருந்தது.
புத்திசாலி, நான் இன்னொரு முறை திருப்பியிருந்தேன்.
இடம் வலமாக,
ஒன்றாம் கால் எட்டாம் காலாக.

நள்ளிரவு தாண்டி நாலாவது பலகைக்குச் செப்பு இல்லை.
ரெசிஸ்டருக்கு இடமும் ஒன்று வலமும் ஒன்று.
சிப் மட்டும்தான் பிடிவாதம்.
அதன் எட்டுக் கால்களையும் மெல்ல முதுகுப் பக்கம் மடக்கி
செத்த கரப்பானாய் மல்லாத்தி வைத்துப் பற்றவைத்தேன்.
பேட்டரி கொடுத்தேன்.
சாத்தான் முழித்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடிவதற்குள் ஆவ்ரேலியோ வந்தான்.
"இடக்கண்தான் முதலில் எரியணும்னு சொன்னேனே, நில்டா?"
பதில் சொல்லாமல் முகமூடியை அவன் தலையில் மாட்டிவிட்டேன்.
உள்ளிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, ஜாடிக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்:
"இடம்னு சொன்னது எனக்கா, பார்க்கிறவங்களுக்கா?
அதை நான் யோசிக்கவே இல்லை."

தெருவில் பித்தளை வாத்தியம் தொடங்கிவிட்டது.
அவன் படியிறங்கிக் குதித்துக்கொண்டு போனான்,
வலக்கண், இடக்கண், வலக்கண்.

பழுப்புத் திராவகத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.
பழைய சிங்கானி பாட்டிலில் அடைத்து
குடிக்காதே என்று எழுதி ஒட்டினேன்.
விரல் நுனியெல்லாம் மஞ்சள்.
ஃபுளோரிந்தாவுக்கு ஒரு ரவிக்கை வாங்க வேண்டும்.