தடிமேடு

முதலில் ஒரு மூங்கில்.
ஒரு முனையில் கல், மறுமுனையில் வாட்சர் வேலப்பன்.
மூங்கில் இறங்கினால் லாரி நின்றது.
லாரி நின்றால் பசித்தது.
அப்படி வந்தது
மீரா ராவுத்தரின் பரோட்டாக் கல்.

பிறகு பஞ்சர் கடை.
பிறகு, விடியும்வரை கிடப்பவனுக்குக் கயிற்றுக் கட்டில்,
வாடகை எட்டணா, மூட்டைப்பூச்சி இலவசம்.
கட்டில்காரி ருக்கியம்மா அந்தக் காசில் எழுப்பிய மாடியில்தான்
இன்று கூட்டுறவு வங்கி.

வருவாய்ப் பதிவேட்டில் எங்களுக்குப் பெயர் கிடையாது.
டிரைவர்கள் ‘தடி’ என்றார்கள்,
பஸ் பலகையில் தடிமேடு ஆயிற்று.

தேங்காய் மேற்கே போனது.
லாட்டரிச் சீட்டு கிழக்கே வந்தது, சாக்ஸுக்குள்.
கோழிக்கு மருந்தடித்த வருடம்
மூன்று நாள் வரிசை;
மளிகை சாமிக்கண்ணு மகளுக்குப்
பதினோரு பவுன் போட்டார்.

நான் ஜெராக்ஸ் போட்டேன்.
பர்மிட் மூன்று பிரதி, ஆர்.சி. இரண்டு,
சந்தேகத்துக்கு ஒன்று.
இந்த ஊரை யாரும் உண்டாக்கவில்லை,
தாமதம் உண்டாக்கியது.

பேரூராட்சி என்று பலகை வைத்த மாதமே
வரி மாறியது.
தடியைத் தூக்கினார்கள்,
தூக்கியபடியே நின்றது.
பாலக்காட்டுக் காற்றோடு காற்றாக
லாரிகள் ஹாரன்கூட அடிக்காமல் போயின.

பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கியது.
மீதிக் கடைகளுக்கு எதிரே
ஒரு காலையில்
சாலைக்குக் குறுக்கே வேகத்தடை முளைத்திருந்தது.

நெடுஞ்சாலைத் துறை ஜீப் வந்தது.
அதுவும் குலுங்கித்தான் நின்றது.
யார் அனுமதி என்றார் உதவிப் பொறியாளர்.
டீ சொன்னேன்.
போன மாதத் தேதியிட்ட மனுவை நீட்டினேன்,
மூன்று பிரதி.